'அது' என்றால் வெளியே

எங்கள் கம்பெனியில் எனக்கு வேலை வரும் என்று தெரிந்தவர்களைவிடப் பேச்சு வரும் என்று தெரிந்தவர்கள்தான் அதிகம். கேட் மீட்டிங்கில் மைக் பிடிப்பது, ஆயுத பூஜைக்கு வரவேற்புரை, யாராவது ரிட்டயர் ஆனால் வாழ்த்துரை, யாராவது தவறிப்போனால் இரங்கலுரை, எல்லாமே நான்தான். "நான் போயிட்டா இவரு வந்து நாலு வார்த்தை பேசணும், அதைக் கேக்க முடியாதேன்னுதான் கவலை" என்று லேத் செக்‌ஷனில் ஒருவர் என் எதிரிலேயே சொல்வார். மேடைப் பேச்சை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேன்டீன் வரிசையிலும் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கிவைத்துக்கொண்டு, அதையே குளிப்பாட்டிப் பவுடர் போட்டு மேடையில் ஏற்றிவிடுவேன். என் வித்தை அவ்வளவுதான்.

ராமநாதபுரம் பக்கத்துக் கட்டாந்தரையிலிருந்து பிழைக்க வந்த எனக்கு ஓசூர் ஒரு புதையல். இங்கே ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் யாரையாவது யாராவது திட்டிவிடுவார்கள். நானே மூன்றிலும் தாராளமாக வாங்கியிருக்கிறேன்.

அதனால், எங்கள் தொழிலாளர் மன்றம் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய விவாதப் போட்டிக்கு விதிமுறை எழுத வேண்டும் என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. செல்போன் அப்போதுதான் ஒவ்வொரு சட்டைப் பையாக ஏறிக்கொண்டிருந்த காலம்.

முந்தைய வருடம் விதி என்று ஒன்றுமே இல்லாமல் நடத்தியிருந்தோம். பிள்ளைகள் பேசும், நடுவர் மார்க் போடுவார், நாம் பஜ்ஜி சாப்பிடுவோம் என்று நம்பியிருந்தோம். முதலில் ஏறிய பையன் தமிழ்த்தாய்க்கு வணக்கம் வைத்தான். பிறகு அவைக்கு, நடுவருக்கு, தலைமை விருந்தினருக்கு, அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு. கேன்டீன் ஊழியர்களுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. தலைப்புக்குள் அவன் காலே வைக்கவில்லை. அன்றைக்கு அதிகக் கைதட்டல் அவனுக்குத்தான்.

அதுகூடப் பரவாயில்லை. இறுதிச் சுற்றில் ஒரு பையன் எதிரே நின்றவனைக் கைகாட்டி, "இது என்ன பேசுது பாருங்க" என்றான். 'இது' என்று சொல்லப்பட்டவனின் அப்பா எழுந்தார். அவர் பி ஷிப்ட். சொன்னவனின் அப்பாவும் எழுந்தார். அவர் ஏ ஷிப்ட். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஹாலே ஷிப்ட் வாரியாகப் பிரிந்து நின்றது. கேன்டீன் மாஸ்டர் ஜல்லிக்கரண்டியோடு வெளியே வந்து, "சண்டைன்னா இப்பவே சொல்லிடுங்க, மாவு கரைக்கறத நிறுத்திக்கிறேன்" என்றார். அன்றைக்குத் தலைப்பை விட்டு விலகாமல் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே, விதி. எழுதுவதற்கு மூன்று பேர் கொண்ட குழு. நான் ஒருவன். இரண்டாவது, எங்கள் பர்சனல் ஆபீசர். வீட்டில் குழம்பில் உப்பு அதிகமானால்கூட 'விளக்கம் கேட்டு' மெமோ கொடுப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றாவது, தமிழய்யா. ஊத்தங்கரைப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு ஓசூருக்கு வந்தவர். அவர் டீ கேட்பதே, "தேநீர் ஒன்று, சர்க்கரை குறைவாக" என்று இலக்கணம் பிசகாமல் இருக்கும்.

தலைப்பிலேயே தகராறு ஆரம்பித்தது. வீட்டுக்கு ஒரு பைக் அவசியமா, ஆடம்பரமா என்று வைக்கலாம் என்றேன். ஆபீசருக்கு வியர்த்துவிட்டது. "நாம செய்யறதே பைக்குக்கு பிரேக் ஷூ. ஆடம்பரம்னு ஒரு பிள்ளை ஜெயிச்சிட்டா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். பைக்கை எடுத்துவிட்டு செல்போனை வைத்தோம். நாங்கள் செல்போன் செய்யவில்லை. அதனால் அது அவசியமோ ஆடம்பரமோ, யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் விதி: மொத்தத்துக்கும் ஒரே ஒரு வணக்கம். தமிழய்யாவுக்கு மனசு வரவில்லை. "தமிழுக்குக்கூடவா?" என்றார். "தமிழ்லதானேய்யா சொல்றாங்க, தனியா வேற சொல்லணுமா?" என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார். இரண்டாவது விதி, நேரம். மணிக்குப் பதில் எவர்சில்வர் தட்டு. நேரம் முடியப்போகிறது என்றால் கரண்டியால் ஒரு தட்டு, முடிந்தால் இரண்டு தட்டு. தட்டும் கரண்டியும் என் பொறுப்பு.

மூன்றாவதாக வந்தது மரியாதை.

"எதிர்ல நிக்கறவங்களை எப்படிச் சொல்றது?" என்றேன்.

"சொல்லவே வேணாம். அவங்கவங்க பாயின்டைச் சொல்லிட்டு இறங்கட்டும்" என்றார் ஆபீசர்.

"எதிராளியைக் கண்டுக்காமலே சண்டை போட இது என்ன மெமோவா சார்?"

தமிழய்யா கையை உயர்த்தினார். "எதிரணித் தோழர். எதிரணித் தோழி. அவர் சொன்னார், அவர் கூறினார். வேறு பேச்சே கிடையாது."

"வாய் தவறிட்டா?"

"தவறினால் வெளியே."

எழுதினேன்: 'எதிரணியினரை நீ, அவன், அவள், அது, இது எனக் குறிப்பிடுவோர் உடனடியாகப் போட்டியிலிருந்து நீக்கப்படுவர்.' போன வருடச் சண்டைக்கு விதை போட்டதே ஒரு 'இது' என்பதால் 'அது'வையும் 'இது'வையும் நானே சேர்த்தேன். ஆபீசர் படித்துப் பார்த்து, "அப்படியே சஸ்பென்ஷன் ஆர்டர் மாதிரி இருக்கு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "இந்த ரூலு வீட்டுக்குள்ள எப்ப வரும்?" என்றாள்.

"ஏன்?"

"நேத்து உங்க அண்ணன்கிட்ட போன்ல 'அது தூங்குது'ன்னு சொன்னீங்களே, பூனையவா சொன்னீங்க? நம்ம வீட்ல பூனை இல்லியே."

விதிமுறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கேன்டீன் ஹாலில். காலையிலேயே கெலமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் ஒரே ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்திறங்கினார். மற்ற பள்ளிகள் வேன் நிறையப் பிள்ளைகளும் கைதட்ட ஆட்களுமாக வந்திருந்தன. இந்தப் பெண் பத்தாவது படிக்கிறாள். இரட்டைச் சடை, மடித்துவிட்ட கை, தரையைப் பார்த்த கண். நான் "வாம்மா" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவளை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு டீச்சர் என்னைத் தூண் பக்கம் கூப்பிட்டார்.

"சார், ஒரு விஷயம். இந்தப் பிள்ளை மேடை ஏறுறதே பெரிய சமாச்சாரம்."

"ஏங்க, கூச்சமா?"

"கூச்சமெல்லாம் இல்லைங்க. வீட்ல தெலுங்கு. சின்ன கிளாஸ்ல ஒரு நாள் 'டீச்சர் வந்தது, டீச்சர் சொன்னது'ன்னு சொல்லிடுச்சு. அவங்க பேச்சுல பொம்பளைங்களை அப்படித்தான சொல்வாங்க. கிளாஸே சிரிச்சு, 'அது'ன்னே பேர் வச்சுட்டாங்க. அன்னையிலருந்து பள்ளிக்கூடத்துல வாயே திறக்காது. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையைத்தான் தூக்கும்."

"அப்புறம் எப்படி இங்க?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன மாசம் குழாயடில குடம் வைக்கிறதுல ஒரு சண்டை. இது தெலுங்குல வாதாடினதைப் பார்க்கணுமே. நாலு பொம்பளைங்க பதில் இல்லாம நின்னாங்க. அதே வாய்தானே, தமிழ்ல பேசாதான்னு பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். ஆனா சார், இன்னிக்கும் யாராவது சிரிச்சுட்டா அவ்வளவுதான். இனிமே எந்த மேடைலயும் ஏத்த முடியாது. கொஞ்சம் பார்த்துக்கங்க."

"விதிமுறை படிச்சுக் காட்டினீங்களா?"

"மனப்பாடம் சார். அந்த மூணாவதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்."

அந்த மூணாவதின் 'அது, இது' யார் கைவண்ணம் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

காலைச் சுற்றுகளில் அந்தப் பெண் விதியைக் கையில் விளக்கு மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தாள். "எதிரணித் தோழர் அவர்கள் கூறினார் அவர்கள்" என்று ஒரே ஆளுக்கு இரண்டு 'அவர்கள்' போட்டாள். தமிழய்யா கண்ணை மூடி ரசித்தார். பேச்சில் உயிர் இருந்ததா என்று கேட்டால், கம்பெனி நோட்டீஸ் போர்டில் இருக்கும் அளவுக்கு இருந்தது. ஆனாலும் மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்ததில், தட்டுத்தடுமாறிச் சொந்தமாக யோசித்துப் பேசிய இவள் மேலே மேலே வந்துவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு இறுதிச் சுற்றில் இரண்டே பேர்.

எதிரே நின்றது ஓசூர் டவுனில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிப் பெண். கண்ணாடி போட்டவள், மைக்கின் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரிந்தவள். அவள் கட்சி, செல்போன் ஆடம்பரம். "அவசரம்னா தந்தி இருக்கு, ஆற அமரச் சொல்லணும்னா கடிதம் இருக்கு. நடுவுல இந்தப் பெட்டி எதுக்கு? எங்க அப்பா சாப்பிடும்போதும் இதைத்தான் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறதில்லை" என்றாள். அவள் அப்பா நாலாவது வரிசையில், கையிலிருந்ததைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டார்.

நம் பெண் எழுந்தாள். ஒரே வணக்கம். பிறகு என்ன நினைத்தாளோ, எழுதிவைத்த தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"எங்க ஊர்ல ஒரே போன். மளிகைக் கடையில இருக்கு. யார் வீட்டுக்குப் போன் வந்தாலும் கடைக்காரர் முதல்ல கேட்டுட்டுத்தான் ஆள் அனுப்புவார். யாருக்குப் பெண் பார்க்கறாங்க, யார் கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க, எல்லாம் அவருக்குத் தெரிஞ்ச பிறகுதான் வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். ஏழைங்களுக்கு ரகசியம் வேணாமா? ரகசியம் ஆடம்பரமா?"

ஹால் அதிர்ந்தது. கேன்டீன் மாஸ்டர் கதவோரம் வந்து நின்றுவிட்டார். குழாயடியில் நாலு பேரை வாயடைக்கவைத்த ஆள் இதுதானா என்று நான் தட்டையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் ஏறியது. வேகத்தில் விளக்கு அணைந்தது.

"எதிரணித் தோழி சொல்லுச்சு, லெட்டர் போதும்னு. அதுக்கு என்ன, அது வீட்டுக்குப் போஸ்ட்மேன் தினமும் வருவாரு. அது எங்க ஊருக்கு ஒரு தடவை வந்து பார்க்கட்டும்!"

வேனில் வந்த கூட்டம்தான் முதலில் சிரித்தது. பிறகு ஹால் முழுக்கப் பரவியது. பின்னாலிருந்து ஒருவன், "அது! அது!" என்று தாளம் போட்டான். அவள் வாய் பாதியில் நின்றது. டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தமிழய்யா என் தோளைத் தொட்டார்.

நாங்கள் மூவரும் மேடையோரத்து மேஜையில் தலையைக் குனிந்து கூடிவிட்டோம். மேஜை மைக்கை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே இனி நாங்கள் பேசியதெல்லாம் ஹால் முழுக்கக் கேட்டது.

"விதி விதிதான்," என்றார் தமிழய்யா. "நீக்க வேண்டும்."

"வீட்ல தெலுங்கு பேசற பிள்ளைங்கய்யா. அவங்க பேச்சு வழக்கு அப்படி. மட்டந்தட்டிச் சொல்லல" என்றேன்.

"தெலுங்குக்குத் தனி விதி எழுதினோமா?"

"ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் ஆபீசர்.

"நாளைக்குப் போட்டியே இல்லியே சார்."

"எனக்கு மட்டும் ஆசையா?" தமிழய்யா குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அது மேல எனக்கு என்ன கோபம்? பாவம், சின்னப் பிள்ளை. எவ்வளவு அழகா பேசுச்சு அது! ஆனால் விதி என்று..."

ஹாலில் வெடித்த சிரிப்பில்தான் மைக் ஞாபகம் வந்தது. "ஐயாவும் அவுட்டு!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல். ஜல்லிக்கரண்டியின் குரல்தான்.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே சுருண்டிருப்பார். தமிழய்யா துண்டைச் சரிசெய்துகொண்டு மைக்கிலேயே சொன்னார்: "குழந்தையைக் குறித்தால் அஃறிணை முடிபு தகும். இலக்கணம் இடம் தருகிறது."

"அப்ப அந்தப் பிள்ளையும் எதிர்ல நின்ன குழந்தையைத்தானேய்யா சொல்லுச்சு?" என்றேன்.

"மேடை ஏறிவிட்டால் குழந்தை இல்லை. பேச்சாளர்."

மனிதர் தோற்கவே மாட்டார். போட்டியை நாங்கள் மூவரும் மேடையில் நடத்தி, பிள்ளைகளை மார்க் போடச் சொல்லியிருக்கலாம்.

அப்போது ஆபீசர் தொண்டையைச் செருமினார். "அவமானப்பட்ட பார்ட்டி கம்ப்ளெயின்ட் குடுத்தாத்தான் என்கொயரி. குடுக்கலைன்னா கேஸே கிடையாது" என்றார். அத்தனை வருட மெமோவில் அவர் கற்ற ஒரு நல்ல விஷயம் வெளியே வந்த நாள் அது. தமிழய்யாவும் நானும் ஒரே நேரத்தில் கண்ணாடிக்காரப் பெண் பக்கம் திரும்பினோம்.

அவள் எழுந்தாள். பின்னாலிருந்து அவள் பள்ளிக் கூட்டம், "குடு, குடு" என்றது. நம் பெண் இன்னும் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். அவளை உட்காரவும் யாரும் சொல்லவில்லை, பேசவும் சொல்லவில்லை.

"அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாத்தான் சார் இருந்துச்சு" என்றாள் கண்ணாடிக்காரி. ஆபீசர் பேனாவை எடுத்தார். "ஆனா கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டேன். இப்ப அவங்களை வெளிய அனுப்பினீங்கன்னா, அந்த மளிகைக் கடை பாயின்டுக்கு எங்கிட்ட பதில் இல்லைன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. பதில் இருக்கு சார் எங்கிட்ட."

உட்கார்ந்துவிட்டாள். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை, ஜெயிக்க வேண்டும் என்ற வெறி. அதைவிட நல்ல காரணம் எனக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் மேடையைப் பார்த்தோம். இறங்கி ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். டீச்சர் பாதி எழுந்துகூட விட்டார்.

"சார், நான் இன்னும் முடிக்கல" என்றாள். பிறகு என் கையைப் பார்த்து, "தட்டு அடிச்சுடாதீங்க" என்றாள்.

கரண்டியை மேஜையில் வைத்துவிட்டேன்.

"எதிரணித் தோழி சொன்..." என்று நிறுத்தினாள். ஹால் மொத்தமும் அந்த வார்த்தையின் வாலுக்காகக் காத்திருந்தது. "...னாங்க." யாரோ பெருமூச்சு விட்டார்கள். அடுத்த வாக்கியமும் 'னாங்க'வில் பத்திரமாக இறங்கியது. அதற்கடுத்ததில் மறுபடி, "அது என்ன சொல்லுதுன்னா" என்று போனாள். சிரிப்பு கிளம்பியது. அவள் நிற்கவில்லை. உள்ளங்கையைக் காட்டி, "இருங்க, முடிச்சிடறேன், அப்புறமா சிரிங்க" என்றாள், குழாயடியில் வரிசையைச் சரிசெய்கிறவளைப் போல.

முடித்தாள். பிறகு சிரித்தார்கள், ஆனால் கைதட்டிக்கொண்டே.

கண்ணாடிக்காரியிடம் நிஜமாகவே பதில் இருந்தது. "ரகசியம் வேணும்னா மாத்த வேண்டியது கடைக்காரரை, போனை இல்லை" என்றாள். அந்த ஒரு வரியில் முதல் பரிசு அவளுக்குப் போனது. நடுவரைக் குறை சொல்ல முடியாது. முதல் பரிசு ஒரு கோப்பை, இரண்டாம் பரிசு ஒரு டிபன் கேரியர். கண்ணாடிக்காரியின் அம்மா கேரியரைப் பார்த்த பார்வையில், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

சாயங்காலம் டீச்சரையும் பெண்ணையும் பஸ் ஏற்றிவிட மெயின் ரோடு வரை போனேன். பஸ் வந்தது. அவர்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் நிற்காது என்றார் கண்டக்டர். டீச்சர், "சரி, அடுத்ததுல போலாம்" என்று பின்வாங்கினார். பெண் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"காலையில வந்தப்ப நின்னுச்சே அண்ணா?"

"அது வேற வண்டிம்மா."

"வண்டி வேற, ரோடு ஒண்ணுதானே? விலக்கு அங்கேயேதான இருக்கு?"

கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். அவளும் கன்னடத்துக்கு மாறினாள். அவர் தெலுங்கில் டிரைவரைத் துணைக்கு அழைத்தார். அது தப்பாகப் போயிற்று. தெலுங்கு அவள் வீட்டு முற்றம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். உள்ளே இருந்த ஒரு பெரியவர் அவள் பக்கம் பேசினார், ஒரு அம்மா கண்டக்டர் பக்கம் பேசினார்.

"ஏறுடி உள்ள, நேரமாவுது!" என்று டீச்சர் அவளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். படியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து, "பேச வைக்கத்தான் சார் ட்ரெய்னிங் குடுத்தேன். நிறுத்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை" என்றார்.

விசில் அடித்தது. பஸ் கிளம்பியது. சன்னல் வழியாக அவள் கை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தது.